ஒரே கட்டிலா, தனிப் படுக்கையா? தம்பதிகள் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவன் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, மணி ரெண்டேகால் இருக்கும், மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஹால் திவான்தான் அவள் படுக்கை. யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

அப்புறம் சொந்தத்திலும் நட்பிலும் நாலைந்து ஜோடிகள் இதே விஷயத்தைப் பேச வந்தார்கள். பெரும்பாலும் எல்லோரும் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். கட்டிலை முதலில் வாங்கிவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுகிறார்கள். கணவன் மனைவி தனியாகப் படுப்பது சரியா தவறா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகவில்லை. எதை எதற்குப் பிறகு செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. சண்டையாலோ பயத்தாலோ ஒருவர் வேறு அறைக்குப் போகிறார் என்றால் அது படுக்கைப் பிரச்சினை அல்ல, இந்த வழிகாட்டி அதற்கு உதவாது.

தொடங்கும் முன் வேண்டியவை

ஆளுக்கொரு சின்ன நோட்டு. அறையை அளக்க இரும்பு டேப், கழுத்தை அளக்கத் தையல் டேப் (எதற்கு என்று பிறகு சொல்கிறேன்). ஒலிப்பதிவு செய்யக்கூடிய போன். ஏறக்குறைய ஒன்றரை மாதம்: பத்து நாள் குறிப்பு எழுத, இரண்டு வாரம் சின்ன மாற்றங்களுக்கு, இரண்டு வாரம் சோதனைக்கு.

பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடக்கும்போதோ, அக்னி நட்சத்திரத்திலோ, வீட்டில் கல்யாண வேலை ஓடும்போதோ தொடங்காதீர்கள். அந்த நாட்களில் எப்படிப் படுத்தாலும் தூக்கம் கெடும், பழி கட்டில் மேல் விழும்.

1. பேச்சைப் பகலில் எடுங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்டவரும் எழுப்பியவரும் பேசினால் குற்றச்சாட்டுதான் வரும். ஞாயிறு காலை டிபன் முடிந்து, பிள்ளைகள் கீழே விளையாடப் போன நேரம் நல்லது.

எப்படி ஆரம்பிப்பது? "உங்க குறட்டையில மனுஷன் தூங்க முடியுமா?" என்றால் எதிரில் இருப்பவர் உடனே வக்கீல் ஆகிவிடுவார். "ஏங்க, நாலு நாளா எனக்குத் தூக்கமே சரியில்ல, என்ன பண்ணலாம்?" என்றால் யோசிக்க ஆரம்பிப்பார். நான் இரண்டையும் கேட்டவன்.

இந்த முதல் பேச்சில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பத்து நாள் குறிப்பு எழுதலாம் என்ற ஒப்புதல் போதும். "தனியாப் படுக்கலாமா" என்ற கேள்வி திடீரென்று வந்தால், கேட்பவர் காதில் "நீ எனக்கு வேண்டாம்" என்றுதான் விழும். அந்தச் சொல்லே இப்போது தேவையில்லை.

2. பத்து நாள் குறிப்பு எழுதுங்கள்

படுத்த மணி, எழுந்த மணி, இடையில் எத்தனை தடவை விழிப்பு, எதனால், காலையில் உடம்பு எப்படி இருந்தது. இந்த ஐந்தும் போதும். ஒருவர் எழுதியதை மற்றவர் பத்து நாளும் பார்க்கக் கூடாது. பார்த்தால் இரண்டாவது நாளே நோட்டு மறுப்புரை எழுதும் இடமாகிவிடும்.

எழுந்ததும் எழுதிவிடுங்கள், ஆபீஸ் கிளம்பிய பிறகு பாதி மறந்திருக்கும். ராத்திரி விழிக்கும்போது மணி பார்க்கப் போனை எடுக்க வேண்டாம், குத்துமதிப்பு போதும். போனை எடுத்தவர் வாட்ஸ்அப்பைப் பார்க்காமல் வைப்பதில்லை.

என் சித்தி மகளின் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: "செவ்வாய். 11 மணி. 3 தடவை. 1. அவர் ஏசியைக் குறைச்சார். 2. குட்டி காலைப் போட்டான். 3. தெரியல, கொசுவா?" கணவரின் குறட்டைதான் பிரச்சினை என்று வந்தவள் அவள். பத்து நாளில் 23 விழிப்பு. அதில் குறட்டையால் எழுந்தது 4. மகனால் எழுந்தது 11. மீதி ஏசியும் இன்னபிறவும்.

கூட்டிப் பார்க்கும்போது மொத்த நேரத்தையும் பாருங்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால், எந்தக் கட்டிலும் அதை ஏழாக்காது.

3. குறட்டை இருந்தால் முதலில் டாக்டர்

இந்தப் படியைச் செய்யாமல் விட்டுத்தான் நாங்கள் ஒன்றரை வருடம் தொலைத்தோம்.

மைத்துனி குடும்பம் விடுமுறைக்கு வந்ததால் ஹால் நிறைந்துவிட்டது. மனைவி பல மாதம் கழித்து அறையில் படுத்தாள். நடு ராத்திரி என்னை உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, நீங்க மூச்சே விடலைங்க. இருபது வரைக்கும் எண்ணினேன்." போன் வெளிச்சத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்குத் தாகமாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது, மூச்சு நிற்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை ஒரு நொடி எழுப்பி மூச்சை இழுக்க வைக்கிறது. தூங்குகிறவருக்கு இது நினைவில் இருக்காது. பக்கத்தில் இருப்பவர் பார்த்தால்தான் உண்டு. குறட்டைக்காரரை முதலில் தனி அறைக்கு அனுப்பினால், அந்தச் சாட்சியை இழந்துவிடுகிறீர்கள்.

அதனால் பிரிவதற்கு முன், டாக்டர்கள் பயன்படுத்தும் ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். சாத்திய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டையா? பகலில் களைப்போ தூக்கமோ தள்ளுகிறதா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? ஆணா? ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு புள்ளி. மூன்று வந்தாலே டாக்டரைப் பார்க்கலாம். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடக் கூடாது. எனக்கு ஆறு. தையல் டேப்பில் என் கழுத்து 42.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ போகலாம். போனில் பதிவு செய்த குறட்டையை எடுத்துப் போங்கள். குறட்டை ஓடி, திடீரென நின்று, அமைதிக்குப் பிறகு மூச்சுத் திணறலோடு மறுபடி தொடங்கும் இடம் அதில் இருந்தால், வாயால் சொல்வதை விடத் தெளிவாக இருக்கும்.

ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனையை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கியும் செய்யலாம், பலருக்கு வீட்டிலேயே கருவி மாட்டியும் செய்கிறார்கள். மூச்சு பத்து நொடியாவது நின்ற அல்லது வெகுவாகக் குறைந்த தடவைகள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 34. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் இயந்திரம் கொடுத்தார்கள். முகமூடி பழக மூன்று வாரம் ஆனது. நான்காவது வாரம் மனைவி தானாகவே அறைக்குத் திரும்பிவிட்டாள்.

எல்லாக் குறட்டையும் இது அல்ல. மல்லாந்து படுத்தால் மட்டும் வருவது, மூக்கடைப்பால் வருவது, குடித்த ராத்திரி மட்டும் வருவது என்று பல வகை. ஒருக்களித்துப் படுப்பதும், மூக்கடைப்பைக் கவனிப்பதும், ராத்திரிக் குடியை விடுவதும் இவற்றில் பலவற்றை அடக்கும். மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும் என்பதுதான் காரணம்.

குறட்டை தவிர இன்னும் மூன்றை நோட்டில் பார்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். படுத்ததும் காலை அசைக்காமல் இருக்க முடியாத குறுகுறுப்பு (இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம்). ராத்திரி மூன்று நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுவது (சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்). கனவில் வருவதை நிஜத்தில் செய்வது போல் கத்தி, குத்தி, உதைப்பது. இந்த மூன்றாவதற்கு நரம்பியல் மருத்துவர். அதோடு, பார்த்து முடிக்கும்வரை பக்கத்தில் படுப்பவர் வேறு படுக்கைக்கு மாறிவிடுவது நல்லது, அடி பலமாக விழும்.

4. கட்டிலைப் பிரிக்காமல் செய்யக்கூடியவை

நோட்டில் அதிகம் வந்த காரணத்தை எடுத்து, வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஆளுக்கொரு போர்வை. செலவே இல்லாத இந்த ஒன்று பல வீடுகளில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. ஒரே பெரிய போர்வை என்றால் ஒருவர் புரளும்போது மற்றவர் முதுகு வெளியே வரும். ஒருவருக்கு மெல்லிய பருத்திப் போர்வை, இன்னொருவருக்குக் கம்பளி என்று தடிமனையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

ஏசி. சண்டை எண்ணில் நடக்கிறது, பிரச்சினை பெரும்பாலும் காற்று எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இருக்கிறது. குளிர் தாங்காதவர் காற்று நேரே விழும் பக்கம் படுத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் வரும் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும். அதையே ஆரம்பமாக வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். விடியற்காலையில் குளிர்ந்து விழிப்பவர்களுக்கு, வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும் ஸ்லீப் பொத்தான் உதவும்.

அகலம். குயின் கட்டில் 60 அங்குலம். ஆளுக்கு 30. ஒற்றைக் கட்டிலே 36 அங்குலம் இருக்கும், ஆக இரண்டு பேரும் தனியாகப் படுத்தால் கிடைப்பதை விடக் குறைந்த இடத்தில்தான் படுத்திருக்கிறீர்கள். அறை இடம் கொடுத்தால் 72 அங்குல கிங் இந்தக் குறையைத் தீர்க்கும். டேப்பை எடுத்துக் கட்டிலைச் சுற்றி நடக்க இரண்டடியாவது மிஞ்சுகிறதா, பீரோ கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். என் நண்பர் ஒருவர் வீட்டில் கிங் கட்டில் வந்த நாளிலிருந்து பீரோவின் ஒரு கதவு மூடியே கிடக்கிறது. பட்டுப்புடவை எல்லாம் அந்தப் பக்கம்.

மெத்தை. ஒருவர் திரும்பினால் மற்றவர் குலுங்குகிறார் என்றால், சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிய பழைய வகை ஸ்பிரிங் மெத்தையா என்று பாருங்கள். பாக்கெட் ஸ்பிரிங்கும் (ஒவ்வொரு சுருளும் தனி உறையில் இருக்கும்) ஃபோமும் அசைவை அவ்வளவு கடத்தாது. மெமரி ஃபோம் நம் வெயிலுக்குச் சூடு பிடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அலாரம். ஒருவருக்கு 4.30, மற்றவருக்கு 7 மணி என்றால் முதலாமவர் கையில் அதிரும் வாட்ச் கட்டிக்கொள்ளலாம். மறுநாள் உடைகளை முந்தின ராத்திரியே வெளியில் எடுத்து வைத்துவிட்டால் பீரோவும் கிறீச்சிடாது.

5. நடுவில் படுக்கும் பிள்ளை

நம் வீடுகளில் கணவன் மனைவி தனித்தனியே படுப்பதற்கு அதிகம் பார்க்கிற காரணம் இதுதான், யாரும் இதைக் காரணமாகச் சொல்வதில்லை. பிள்ளை பிறக்கிறது, அம்மாவோடு படுக்கிறது, அப்பா கீழே பாய் விரிக்கிறார். பிள்ளைக்கு எட்டு வயதாகும்போதும் பாய் அங்கேயே கிடக்கிறது.

உங்கள் நோட்டில் பிள்ளை பெயர்தான் அதிகம் என்றால், கட்டில் பற்றிய முடிவை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் படுக்கையை முதலில் பாருங்கள். அதே அறையில் தனிப் பாயில் தொடங்கி, அங்கே பழகிய பிறகு தனி அறை. ஒரேயடியாக அறை மாற்றினால் நடுராத்திரி திரும்பி வந்துவிடும்.

கைக்குழந்தை என்றால் கணக்கு வேறு. முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனக்கென்று தனியான, சமதளமான படுக்கையில் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. இந்தக் காலத்தில் "எனக்கு ஆபீஸ் இருக்கு" என்று கணவர் மட்டும் வேறு அறைக்குப் போவதை நான் தீர்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். முறை வைத்துக்கொள்ளுங்கள். இன்று அவர் தனியாகத் தூங்கினால் நாளை அவள் தூங்கட்டும். தாய்ப்பால் கொடுப்பதால் முடியாது என்றால், பால் குடித்த பிறகு ஏப்பம் எடுக்க வைத்துத் தூங்கப் போடுவது அவர் வேலை.

6. பிரிப்பதென்றால் எத்தனை தூரம்

மேலே சொன்னவை எல்லாம் செய்தும் நோட்டு மாறவில்லை என்றால் இப்போது பிரிக்கலாம். தனி அறைக்கு முன்னால் நடுவில் சில படிகள் உண்டு, சின்னதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி, ஒட்டிய இரு கட்டில்கள். 36 அங்குல ஒற்றைக் கட்டில் இரண்டைச் சேர்த்தால் சரியாக 72, கிங் அளவு விரிப்பு அப்படியே பொருந்தும். மெத்தை தனித்தனி என்பதால் குலுக்கல் போய்விடும், ஒருவருக்குக் கெட்டி, ஒருவருக்கு மெத்து என்றும் வாங்கலாம். நீளம் 72, 75, 78 அங்குலம் என்று பல அளவுகளில் வரும், இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். உயரத்தையும் மெத்தையோடு சேர்த்து அளந்துவிடுங்கள். ஓர் அங்குலம் ஏறி இறங்கினாலும் நடுவில் படி மாதிரி இடிக்கும். கட்டில் கால்களை இழுத்துக் கட்டும் பட்டையால் கட்டிவிட்டால் இடைவெளி விழாது.

அடுத்தது, ஒரே அறையில் தள்ளிப் போட்ட இரு படுக்கைகள். அசைவும் சூடும் தொல்லை என்றால் இது போதும். சத்தம் தொல்லை என்றால் போதாது.

அதற்கும் அடுத்தது சில நாள் மட்டும் தனி அறை. நைட் ஷிப்ட், அதிகாலை ரயில், சளிக் காய்ச்சல் போன்ற நாட்களுக்கு. கடைசிதான் நிரந்தரத் தனி அறை.

இரண்டாவது அறை இல்லாத வீட்டில் ஹாலில் மடக்குக் கட்டில் போடலாம். ஆனால் சோபாவில் படுக்காதீர்கள். கழுத்து பிடித்துக்கொள்ளும், அதைவிட முக்கியமாக, சோபாவில் படுப்பவர் துரத்தப்பட்டவர் மாதிரி இருப்பார். ஹாலில் படுப்பவருக்கும் நல்ல மெத்தை, மின்விசிறி, தண்ணீர், போன் சார்ஜர், கொசுவலை எல்லாம் இருக்க வேண்டும். யார் வெளியே போவது என்பதிலும் கவனம். குறட்டை விடுபவர் அறையில் ஏசியோடு தூங்க, தூக்கம் கெட்டவர் ஹாலுக்குப் போவதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

7. இரண்டு வாரம் சோதனை

தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் காலண்டரில் குறியுங்கள். முடிவு தேதி இல்லாத சோதனை ஒன்றரை வருடம் ஓடும் என்பதற்கு நானே உதாரணம்.

பழைய நோட்டையே தொடருங்கள். முதல் மூன்று நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், புது இடத்தில் யாருக்கும் தூக்கம் சரியாக வராது. இரண்டு வாரம் கழித்து விழிப்புகளின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். ஒருவர் நன்றாகத் தூங்கி மற்றவர் மோசமாகத் தூங்கியிருந்தால் அது தோல்வி என்று எடுத்துக்கொண்டு முந்தைய படிக்குத் திரும்புங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் நிஜமாகவே உண்டு. முதல் பேச்சில் வெட்கப்பட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள், நோட்டில் தெரியும்.

8. தூக்கம் வேறு, தாம்பத்யம் வேறு

சோதனை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டியது இது. ஒரே கட்டிலில் படுத்தால் பல விஷயங்கள் தானாக நடக்கும்: பிள்ளை ஸ்கூல் பீஸ் பற்றிய பேச்சு, கால் பிடித்துவிடுவது, நெருக்கம். படுக்கை பிரிந்ததும் இவை தானாக நடக்காது, நேரம் ஒதுக்கினால்தான் நடக்கும்.

தூங்கும் முன் அரை மணியாவது ஒரே படுக்கையில் இருங்கள், போன் இல்லாமல். தூக்கம் வந்ததும் ஒருவர் எழுந்து போகலாம். யார் யாருடைய அறைக்கு வருவது, வரலாமா என்று கேட்க வேண்டுமா, கதவு சாத்தியிருந்தால் என்ன அர்த்தம் என்பதையும் வாய்விட்டுப் பேசுங்கள். இந்தப் பேச்சைத் தவிர்த்த ஒரு ஜோடி, தட்டினால் தூக்கம் கெடுமே என்று இருவரும் மாறி மாறி நினைத்து, மூன்று மாதம் தட்டாமலேயே இருந்தார்கள்.

9. வீட்டாருக்கு என்ன சொல்வது

மாமியாரோ அம்மாவோ கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். என் மாமியார் மனைவியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டது: "என்னடி, மாப்பிள்ளைகூட ஏதாச்சும் மனஸ்தாபமா?"

இருவரும் ஒரே பதிலை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள், சின்னதாக. "அவருக்குக் குறட்டைம்மா, எனக்குக் காலையில சீக்கிரம் எழணும்" என்றால் முடிந்தது. நீளமாக விளக்கினால்தான் சந்தேகம் வரும். பிள்ளைகளிடமும் இதையே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு சண்டையைக் கற்பனை செய்துகொள்வார்கள்.

விருந்தாளி வந்தால் யார் எங்கே என்பதையும் யோசித்து வையுங்கள்.

10. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்

உடல் எடை மாறும், ஷிப்ட் மாறும், மாதவிலக்கு நிற்கும் வயதில் மனைவிக்கு ராத்திரி திடீரென வியர்த்துக் கொட்டும், பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகும். போன வருடம் சரியாக இருந்த ஏற்பாடு இந்த வருடம் காரணமே இல்லாமல் நீடிக்கலாம். காலண்டரில் குறித்த நாளில் மறுபடி பகலில் உட்கார்ந்து பேசுங்கள்.

சிபாப் வந்து குறட்டை நின்ற பிறகும் நாங்கள் பழைய குயின் கட்டிலுக்குத் திரும்பவில்லை. அவள் நாலரைக்கு எழுபவள், நான் பன்னிரண்டுக்குப் படுப்பவன். இப்போது 36 அங்குலக் கட்டில் இரண்டு, கால்கள் பட்டையால் கட்டப்பட்டு, நடுவில் மெல்லிய மெத்தை விரிப்பு ஒன்று. போன மார்கழியில் கோலம் போட அவள் எழுந்து போனது எனக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு மட்டும் ஒரு குறை. முகமூடியோடு நான் திரும்பும்போது காற்று அவள் காதில் அடிக்கிறதாம். அடுத்த முறை உட்காரும்போது அதைப் பேச வேண்டும்.